எந்த அத்தோ? ரங்கூனைப் பேசிப் பழக: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

ரங்கூனைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களும் புதிதாகக் குடிவந்தவர்களும் முதலில் நாலு பேரிடம் வாய்திறந்து பேசிப் பழக வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். ‘என்ன பேசுவது, எப்படிக் கூப்பிடுவது?’ என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ரங்கூன் வந்து ஆறு மாதம் ஆகிறது. எனக்கு வயது 24. சந்தையில் என்னைவிட மூத்த பெண்கள்கூட என்னை ‘அம்மா’ என்கிறார்கள். கூச்சமாக இருக்கிறது. நான் அவர்களை எப்படிக் கூப்பிடுவது?

அவர்கள் சொல்வது ‘அமா’. பர்மியத்தில் அதற்கு அக்கா என்று பொருள். அம்மாவுக்கு அவர்கள் சொல் ‘அமே’. ‘அமா’வின் ‘மா’ வெட்டென்று நின்றுவிடும், நாம் இழுப்பதுபோல் இழுக்காது. வாங்க வந்தவரை மரியாதையாக அழைக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம்மைப் போலவே இங்கும் முறைசொல்லித்தான் பேச்சு தொடங்கும். அப்பா வயதுக்காரர் ‘ஊலே’, அம்மா வயதுப் பெண் ‘அடோ’, சற்று மூத்த ஆண் ‘அக்கோ’, சற்று மூத்த பெண் ‘அமா’. இளையவர்களைக் கூப்பிடும்போதுதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். தமிழில் ஆண் சொன்னாலும் பெண் சொன்னாலும் தம்பி தம்பிதான். பர்மியத்தில் ஆண் தன் தம்பியை ‘ஞீலே’ என்பார், பெண் அதே பையனை ‘மௌங்லே’ என்பார். இளைய பெண்ணை இருவருமே ‘ஞீமலே’ எனலாம். வாக்கியத்தின் கடைசியில் மரியாதைக்குச் சேர்க்கும் சொல்லும் இப்படித்தான்: ஆண் ‘கம்யா’, பெண் ‘ஷின்’. ‘நான்’ என்பதற்கும் ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல். கணவரிடமிருந்தே பர்மியம் கற்கும் மருமகள்கள் பலர் ஆண்பிள்ளைப் பேச்சைப் பேசுவது இதனால்தான். மாமியாரிடமோ நாத்தனாரிடமோ கற்றுக்கொள்ளுங்கள்.

‘மிங்கலாபா’ பள்ளிக்கூடத்திலும் ஹோட்டல் வரவேற்பிலும் புழங்கும் வணக்கம். பக்கத்து வீட்டில் ‘சா பீ பீ லா?’ என்பார்கள். நம்முடைய ‘சாப்பிட்டாச்சா?’தான். ‘சா பீ பீ’ என்றால் ‘ஆச்சு’. ‘பெ த்வா மலோ லே?’ என்றால் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். அதற்குக் கணக்கு ஒப்பிக்க வேண்டாம், ‘டி நா லே பா’ போதும், இங்கே பக்கத்தில்தான் என்று. காசு கொடுக்கும்போது வலக்கையால் நீட்டி, இடக்கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொள்ளுங்கள். பத்துச் சொல் தெரியாவிட்டாலும் இந்த ஒரு பழக்கம் உங்களுக்காகப் பேசும்.

கேள்வி: டீக்கடையில் ‘லப்பெயே’ என்றுதான் கேட்கிறேன். கடைக்குக் கடை ஒவ்வொரு ருசியாக வருகிறது. ஏன்?

இங்கே டீ என்பது நெடுநேரம் காய்ச்சிய சாயத்தில் கெட்டிப்பாலும் (இனிப்பிட்ட கண்டென்ஸ்ட் மில்க்) ஆவிப்பாலும் (எவாபரேட்டட் மில்க்) கலந்தது. எது எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள். சும்மா ‘லப்பெயே’ என்றால் அந்தக் கடையின் சாதாரண அளவு, அதாவது ‘பொன்-ஹ்மன்’ வரும். இனிப்பும் பாலும் தூக்கலாக வேண்டுமானால் ‘ச்சோ-செய்ன்’. சாயம் கனத்து, பாலும் திக்காக இருக்க ‘ச்சா-செய்ன்’. இனிப்புக் குறைந்து சாயம் மட்டும் ஓங்கி நிற்க ‘பொ-ச்சா’. ஊரில் ‘ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மி’ என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இதுதான் பொருந்தும். சர்க்கரையே இல்லாமல் பால் டீ கேட்காதீர்கள். இனிப்பு கெட்டிப்பாலிலேயே இருக்கிறது, பிரிக்க முடியாது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மேசையில் இருக்கும் குடுவையே துணை. அதில் உள்ள ‘யேநுவேஜான்’, வெறும் பச்சைத் தேயிலை வெந்நீர், இலவசம்.

உட்கார்ந்ததும் கேட்காமலே சமூசா, இஜாகுவே (நீளமாகப் பொரித்த மாவுப் பண்டம்) என்று தட்டுகள் வந்தால் பதற வேண்டாம். எழும்போது மிச்சத்தை எண்ணி, தின்றதற்கு மட்டும் கணக்குப் போடுவார்கள். அதனால் எடுத்ததைக் கடித்துவிட்டுத் திரும்ப வைக்கக் கூடாது. பையனைக் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் எழுப்பும் பழைய வழக்கம் இன்னும் காதில் விழும். அதைப் பின்பற்றாதீர்கள், ‘ஞீலே’ என்றோ ‘மௌங்லே’ என்றோ அழையுங்கள். கணக்கு முடிக்க ‘ஷின்-மெ’. காலை நெரிசல் ஓய்ந்த பிறகு போனால்தான் கடைக்காரரும் பேசுவார், பக்கத்து மேசைக்காரரும் பேசுவார்.

கேள்வி: சென்னை பர்மா பஜாரில் அத்தோ சாப்பிட்டு வளர்ந்தவன். ரங்கூனில் ‘அத்தோ’ என்று கேட்டேன். கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே ஏதோ திருப்பிக் கேட்டார். புரியவில்லை.

‘எந்த அத்தோ?’ என்று கேட்டிருப்பார். அத்தோ என்ற சொல்லுக்குக் கையால் பிசைந்தது என்றுதான் அர்த்தம். எதைப் பிசைவது என்பது அதற்கு முன்னால் வரவேண்டும். 1960களில் இங்கிருந்து திரும்பிய நம் மக்கள் சென்னைக்குக் கொண்டுபோனது கோதுமை நூடுல்ஸில் பிசைவது. அதற்கு இங்கே ‘கவ்ஸ்வே-தோ’ என்று பெயர். கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், வெங்காயம் பொரித்த எண்ணெய், எல்லாம் அதேதான். சென்னையில் மேலே நொறுக்கிப் போடும் ‘பேஜோ’வும் இங்கத்துச் சொல்லே. ‘பே’ பயறு, ‘ஜோ’ பொரித்தது.

அடுத்த முறை இவற்றைக் கேட்டுப் பாருங்கள். ‘நன்ஜீ-தோ’ தடித்த அரிசி நூடுல்ஸும் கோழிக் குழம்பும் கடலை மாவும். ‘லெ-தோ-சோன்’ சோறு, பலவகை நூடுல்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் ஒன்றாக. ‘ஜின்-தோ’ இஞ்சி. ‘தோஹு-தோ’ ஷான் மக்களின் கடலைமாவு தோஹு (டோஃபு), இதில் சோயா கிடையாது. ‘லப்பெ-தோ’ புளிக்கவைத்த தேயிலை. மாலைக்கு மேல் லப்பெ-தோ நிறையச் சாப்பிட்டால் தூக்கம் பிடிக்காது, அதுவும் தேயிலைதானே.

பிசைகிற கையைக் கவனியுங்கள். விரல் நுனியால் தூக்கித் தூக்கிக் கலப்பார்கள், அழுத்த மாட்டார்கள். அழுத்தினால் நூடுல்ஸ் உடைந்து கூழாகிவிடும். புளியும் உப்பும் கடைசியில் விழும், முதலிலேயே விழுந்தால் கோஸ் தண்ணீர் விட்டுவிடும். பிசைந்து முடித்ததும் ஒரு சிட்டிகை எடுத்து ருசி பார்க்கச் சொன்னால் மறுக்காதீர்கள். அந்த இடத்தில்தான் உண்மையான பேச்சு தொடங்கும்.

கேள்வி: கோயம்புத்தூரில் படிக்கும் மகள், அரிசி நூடுல்ஸில் மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்காவுக்கு ஏங்குகிறாள். அங்கே கிடைக்கும் சாமான்களில் செய்ய முடியுமா? அவள் செய்தபோது கட்டி கட்டியாகவும் கவிச்சியாகவும் வந்ததாம்.

தாராளமாக முடியும். நாலு பேருக்கு அளவு சொல்கிறோம்.

600 கிராம் கெளுத்தியைக் கல்லுப்புப் போட்டுத் தேய்த்து வழுவழுப்புப் போகக் கழுவவும். 1 லிட்டர் தண்ணீரில் நசுக்கிய எலுமிச்சைப்புல் 2 தண்டு, மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன் சேர்த்து 15 முதல் 20 நிமிடம் வேகவிட்டு, மீனை எடுத்து முள் நீக்கி உதிர்க்கவும். வெந்த தண்ணீரை வடிகட்டி வைக்கவும். 3 மேசைக்கரண்டி பச்சரிசியைப் பொன்னிறமாக வறுத்துப் பொடிக்கவும். 2 மேசைக்கரண்டி கடலைமாவைத் தனியாகப் பச்சை வாசனை போக வறுக்கவும்.

வெங்காயம் 2, பூண்டு 6 பல், ஓர் அங்குல இஞ்சி, ஒரு எலுமிச்சைப்புல்லின் வெள்ளைப் பகுதி, ஊறிய காய்ந்த மிளகாய் 4, இவற்றை அரைத்து, 5 மேசைக்கரண்டி கடலை எண்ணெயில் அரை டீஸ்பூன் மஞ்சளோடு எண்ணெய் பிரியும்வரை வதக்கவும். உதிர்த்த மீனை இதில் போட்டு 5 முதல் 7 நிமிடம் கிளற வேண்டும். கவிச்சி வந்ததற்குக் காரணம் இந்தக் கட்டத்தை விட்டுவிட்டு மீனை நேரே தண்ணீரில் போட்டதாகத்தான் இருக்கும். பிறகு மீன் தண்ணீரும் இன்னொரு லிட்டர் தண்ணீரும் ஊற்றவும். இரண்டு மாவையும் ஆறிய தண்ணீரில் மோர்போலக் கரைத்து, கிளறிக்கொண்டே சேர்க்கவும். கொதிக்கும் குழம்பில் உலர்ந்த மாவைத் தூவினால் கட்டி தட்டும், அப்புறம் எவ்வளவு கிளறினாலும் கரையாது. நறுக்கிய வாழைத்தண்டு ஒரு கப், முழுச் சின்ன வெங்காயம் பத்து, மீன் சாறு (கடையில் விற்கும் ஃபிஷ் சாஸ்) 2 மேசைக்கரண்டி, மிளகுத்தூள் அரை டீஸ்பூன் போட்டுச் சிறு தீயில் 40 நிமிடம். அடி பிடிக்கும், பக்கத்திலேயே இருக்கவும்.

வாழைத்தண்டை நறுக்கும்போதே நாரை விரலில் சுற்றி எடுத்து உப்புத் தண்ணீரில் போடவும். ஊர்ப் பழக்கத்தில் மோரில் போட்டால் புளிப்பு ஏறிவிடும். நூடுல்ஸுக்குப் பாக்கெட்டில் வரும் உலர்ந்த அரிசிச் சேமியா சரி. கொங்குநாட்டுச் சந்தகை ருசியாக இருக்கும், ஆனால் சூடான குழம்பில் சீக்கிரம் கரையும், எனவே ஊற்றியதும் சாப்பிட வேண்டும். சேமியாவைக் குழம்புப் பாத்திரத்தில் போடவே கூடாது. எலுமிச்சையும் கிண்ணத்தில்தான் பிழிய வேண்டும். அவித்த வாத்து முட்டை, கொத்தமல்லி, மிளகாய்ப் பொடி, நொறுக்கிய பேஜோ மேலே. பேஜோவுக்கு நேரமில்லை என்றால் கோவைக் கடைகளில் கிடைக்கும் பருப்பு வடையை மொறுமொறுப்பாகக் கேட்டு வாங்கி உடைத்துப் போடட்டும், குறையொன்றும் இல்லை.

கேள்வி: சைவம் சாப்பிடுகிறவள். ‘இறைச்சி சாப்பிட மாட்டேன்’ என்று சொல்லியும் தட்டில் கருவாட்டு வாசனை. என்ன சொல்வது?

‘அத்தா மசாபூ’ என்று சொல்லியிருப்பீர்கள். ‘அத்தா’ என்றால் கறி. ஙாப்பியும் (புளிக்கவைத்த மீன் விழுது) மீன் சாறும் உலர்ந்த இறாலும் பலர் கணக்கில் கறி ஆகாது, உப்பும் புளியும் போல அவையும் ருசிக்கான சாமான்கள். ‘தெட்-தட்-லுட்’ என்று சொல்லுங்கள். உயிர்க்கொலை நீங்கியது என்று பொருள், புத்த சமயத்தவருக்கு உடனே புரியும். அதோடு நிறுத்தாமல் பேர் சொல்லித் தடுக்கவும்: ‘ஙாப்பி மத்தெபானெ’, ‘ஙன்பியாயே மத்தெபானெ’ (மீன் சாறு), ‘பஸுன்-ஜவ் மத்தெபானெ’ (உலர்ந்த இறால்). ‘மத்தெபானெ’ என்றால் போடாதீர்கள். லப்பெ-தோவில் இறால்தூள் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும், பிசைவதற்கு முன்பே சொல்ல வேண்டும். டீக்கடையில் பலாட்டாவும் (பரோட்டா) சர்க்கரையும், நன்பியாவோடு (நான் ரொட்டி) அவித்த பட்டாணியும் பெரும்பாலும் பிழையில்லாதவை.

கேள்வி: கோயிலில் மிருதங்கம் பயில்கிறேன். பர்மியச் சைங் வாத்தியக்காரர்களிடம் பேச ஆசை. எதிலிருந்து தொடங்குவது?

தம்பி, மாவிலிருந்து தொடங்கு. சைங்-வைங் குழுவின் நடுவில் வட்டமாக மரச் சட்டத்தில் தொங்கும் முழவுகள் 21. அதுதான் ‘பட்-வைங்’. வாசிப்பவர் அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்து வெறுங்கையால் வாசிப்பார். ஒவ்வொரு முழவுக்கும் சுருதி சேர்ப்பது ‘பட்-சா’ என்ற பசை. சோற்றையும் மரச் சாம்பலையும் பிசைந்தது. நீ தொப்பியில் ரவை அப்பிச் சுருதி இறக்குகிறாயே, அதே வேலை. கூடுதலாக அப்பினால் சுருதி இறங்கும், சுரண்டினால் ஏறும். காய்ந்துபோனால் மாறிவிடும் என்பதால் நிகழ்ச்சி நடக்கும்போதே தொட்டுத் தொட்டுச் சரிசெய்வார்கள்.

எனவே ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடு. பசை அப்பும் நேரத்தில் கை வேலையாக இருந்தாலும் வாய் ஓய்வாக இருக்கும். மிருதங்கத்தின் இடப்பக்கத்தை உன் செல்போனில் காட்டு, வேறு அறிமுகம் தேவையில்லை. ‘ஹ்னே’ என்னும் குழலைக் கேட்டால் நாகசுரத்தின் உறவு என்பாய். அதன் உலோக அணைசு தளர்வாகத் தொங்குவதைக் கவனி. பெரிய முழவு தொங்கும் உருவத்துக்கு ‘பின்சரூபா’ என்று பெயர், பஞ்சரூபம். ஐந்து விலங்கின் அங்கங்கள் கொண்டது, நம் கோயில் தூண் யாளியை நினைவூட்டும். முழவுகளைத் தாண்டிக் கால் வைக்காதே. தேங்காயும் வாழைச்சீப்பும் வைத்த படையல் தட்டுக்கு நேராகக் காலை நீட்டாதே. அக்டோபரை ஒட்டி வரும் தடிஞ்ஜுத் பௌர்ணமிக்குப் பிறகு பகோடா (புத்தர் கோயில்) திருவிழாக்களில் விடிய விடிய ‘ஸாட்-ப்வே’ என்னும் ஆட்டமும் நாடகமும் நடக்கும். பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போ.

கேள்வி: ஷ்வேடகோன் பகோடாவில் எல்லோரும் ‘என்ன கிழமை?’ என்றே கேட்கிறார்கள். அம்மாவை அழைத்துப் போகிறேன், என்ன தயார் செய்ய வேண்டும்?

அம்மா பிறந்த தேதிக்குக் கிழமை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். புதன் என்றால் காலையா மாலையா என்பதும் வேண்டும், ஏனெனில் புதன் பிற்பகல் ராகுவுக்கு உரியது. இங்கே ‘யாஹு’ என்பார்கள். பகோடாவைச் சுற்றி எட்டு மூலைகள்: ஞாயிறு வடகிழக்கில் கருடன், திங்கள் கிழக்கில் புலி, செவ்வாய் தென்கிழக்கில் சிங்கம், புதன் காலை தெற்கில் கொம்புள்ள யானை, சனி தென்மேற்கில் நாகம், வியாழன் மேற்கில் எலி, புதன் மாலை வடமேற்கில் கொம்பில்லா யானை, வெள்ளி வடக்கில் பெருச்சாளி போன்ற விலங்கு. நவக்கிரகம் சுற்றிய அம்மாவுக்கு விளக்கமே தேவைப்படாது. தங்கள் மூலையில் புத்தர் சிலைக்கு வயதுக்கு ஒன்று கூட்டி அத்தனை குவளை நீர் வார்ப்பது வழக்கம். வலமாகவே சுற்றவும். செருப்பு மட்டுமல்ல, காலுறையும் படிக்கட்டின் அடியிலேயே கழற்ற வேண்டும். நடுப்பகலில் பளிங்குத் தரை கொதிக்கும், வயதானவர்களைக் காலையிலோ மாலை ஐந்துக்கு மேலோ அழைத்துப் போங்கள்.

அதே கிழமைதான் இங்கே பெயரின் முதல் எழுத்தையும் முடிவு செய்யும். திங்களுக்கு க வரிசை, வியாழனுக்கு ப வரிசையும் மகரமும், சனிக்கு த வரிசை. ஒருவர் பெயரைக் கேட்டு ‘வியாழக்கிழமையா?’ என்று நீங்கள் சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும்.

கேள்வி: வரும் திங்கட்கிழமை மட்டும் விடுமுறை. போஜோ மார்க்கெட் போகலாமா?

வேண்டாம், திங்களன்று மூடியிருக்கும். 1926இல் ஸ்காட் மார்க்கெட்டாகத் தொடங்கிய அந்தக் கட்டடத்தை வேறு நாளில் பாருங்கள். திங்களுக்குச் சுற்று ரயில் ஏறுங்கள். சுமார் 46 கிலோமீட்டர், முழுச் சுற்றுக்கு மூன்று மணி நேரம் வரை ஆகும். டன்யிங்கோனில் காய்கறி மூட்டைகளோடு ஏறும் பெண்களுக்கு இடம் விட்டு, ‘அடோ, பெ த்வா மலோ லே?’ என்று கேளுங்கள்.