இதயத்தில் லேசர் துளை: புதிய ரத்தக் குழாய் முளைக்குமா? கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: ஓய்வு பெற்ற இதய அறுவை சிகிச்சை நிபுணர்)

கேள்வி: டாக்டர், இதயத்தில் ஓட்டை போட்டால் ரத்தம் கொட்டாதா? அந்த ஓட்டை வழியாகத்தான் தசைக்கு ரத்தம் போகிறதா?

பதில்: இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் வரும் தீராத நெஞ்சுவலிக்கான சிகிச்சை இது. இடது விலா எலும்புகளுக்கு நடுவே திறந்து, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின் இடது கீழறைச் சுவரில் சுமார் 1 மி.மீ. அகலத் துளைகளை லேசரால் போடுவார்கள். வெளிப்பக்கம் விரலால் சற்று நேரம் அழுத்தினால் ரத்தம் உறைந்து வாய் மூடிவிடும்.

உள்ளறை ரத்தம் துளை வழியே நேராகத் தசைக்குப் போகும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஊர்வனவற்றின் இதயத்தில் அப்படித்தான் நடக்கிறது. அதைப் பார்த்து 1965இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையின் அறுவை மருத்துவர் பி.கே.சென் இதயத் தசையை ஊசியால் குத்திப் பார்த்தார். 1980களில் மிர்ஹோசைனி என்ற அறுவை மருத்துவர் லேசரைக் கொண்டுவந்தார். ஆனால் ஊசித் துளைகள் போலவே லேசர் துளைகளும் பெரும்பாலும் அடைபட்டுப் போகின்றன. அடைபட்ட தழும்பைச் சுற்றித்தான் புதிய நுண்குழாய்கள் தென்படுகின்றன. காயம்பட்ட தசையில் அழற்சி உண்டாகிறது, வி.இ.ஜி.எஃப். போன்ற வளர்ச்சிப் புரதங்கள் சுரக்கின்றன, குழாய்கள் முளைக்கின்றன. விலங்குகளில் வெறும் துளைக்கருவியால் குத்தியபோதும் இதேபோல முளைத்தன. ஆகவே இதை லேசர் ஒளியின் தனிச்சிறப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: அப்பாவுக்கு மூன்று பிளாக். பைபாஸுக்குப் பதில் லேசர் செய்யலாமா சார்?

பதில்: கூடாது. பைபாஸோ ஸ்டென்ட்டோ வைக்க வழியே இல்லாமல், மருந்துக்கும் நெஞ்சுவலி அடங்காதவர்களுக்கென வந்த முறை இது. அப்பாவின் மாத்திரைகளை ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: லேசரால் பிளாக்கை எரித்துவிடலாமே?

பதில்: அது குழாய்க்குள் செய்யும் வேறு சிகிச்சை. இங்கே பிளாக்கைத் தொடுவதே இல்லை.

கேள்வி: என் மாமாவுக்கு இதைச் செய்ததும் வலி போய்விட்டது. புதிய குழாய் வேலை செய்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

பதில்: மாமாவின் வலி குறைந்ததை நான் முழுமையாக நம்புகிறேன். காரணத்தில்தான் எனக்குச் சந்தேகம். சிலருக்குச் சில நாட்களிலேயே வலி குறைகிறது. குழாய் முளைக்க வாரக்கணக்கில் ஆகும். வலியைக் கடத்தும் நரம்பு நுனிகள் கருகியதும் காரணமாகலாம். 1999இல் வெளியான 275 பேர் ஆய்வில், லேசர் பெற்றவர்களில் 76 சதவீதத்தினருக்கும் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 32 சதவீதத்தினருக்கும் வலியின் தீவிரம், நான்கு படி அளவுகோலில், இரண்டு படியாவது இறங்கியது. ஆனால் யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது நோயாளிகளுக்கே தெரியும். ஆகவே நம்பிக்கையும் வலியைக் குறைத்திருக்கலாம். தசைக்கு ரத்த ஓட்டம் கூடியதா என்று ஸ்கேனில் பார்த்தால், ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

கேள்வி: அப்படியானால் மாமாவுக்கு வெறும் மனப்பிரமை என்கிறீர்களா?

பதில்: இல்லை. வலி உண்மையிலேயே குறைகிறது, அது லேசரால்தானா என்பதே கேள்வி. 2005இல் வெளியான டைரக்ட் ஆய்வைப் பாருங்கள். 298 பேருக்குக் கால் வழியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்தி, மற்றவர்களுக்கு லேசர் துளை போட்டார்கள், ஒரு பிரிவினருக்கு லேசர் இல்லாத பாவனைச் சிகிச்சை மட்டும் செய்தார்கள். எது யாருக்கு என்று நோயாளிகளுக்குத் தெரியாது. எல்லாப் பிரிவிலும் வலி குறைந்தது, லேசருக்குக் கூடுதல் பலன் இல்லை.

கேள்வி: அது கதீட்டர் முறை. துளை சுவரை ஊடுருவாது. மாமாவுக்கு நெஞ்சைத் திறந்தல்லவா செய்தார்கள்?

பதில்: நியாயமான மறுப்பு. அந்த ஆய்வை வைத்து அறுவை முறையை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஆனால் நுண்ணோக்கியில் குழாயைப் பார்ப்பது வேறு, அது பசித்த தசைக்குப் போதிய ரத்தம் தருகிறது என்று நிறுவுவது வேறு. இரண்டாவதை யாரும் உறுதியாக நிறுவிக் காட்டாதவரை நான் ஒப்ப மாட்டேன்.

கேள்வி: லேசரில் பிளாக் கரையுமா டாக்டர்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். இந்தச் சிகிச்சையில் கரையாது.

கேள்வி: இப்போதும் இதைச் செய்கிறார்களா?

பதில்: அமெரிக்காவில் 1998இல் அனுமதி கிடைத்தது. சிகிச்சைகளை மதிப்பிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009இல் இதைச் செய்ய வேண்டாம் என்றது. இதயத் தசையின் செயல்பாட்டிலோ உயிர்வாழ்விலோ பலன் தெரியவில்லை, ஏற்க முடியாத ஆபத்து இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. யாராவது உங்களுக்குப் பரிந்துரைத்தால், வேறு வழி ஏன் இல்லை என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: புதிய ரத்தக் குழாய் வளர என்ன சாப்பிடலாம்? அம்மாவுக்கு நேற்றிலிருந்து உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலிக்கிறது.

பதில்: சாப்பாட்டை விடுங்கள். ஓய்வில் வரும் வலி ஆபத்து. உடனே 108ஐ அழையுங்கள், மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.