அட்டை இருந்தும் பணம் கேட்டால்?

கேள்வி: நகரியில் விசைத்தறி ஓட்டுகிறேன். அம்மாவுக்கு 74 வயது. 70 வயது நிறைந்தவர்களுக்கு மத்திய அரசு தரும் இலவச சிகிச்சை அட்டையான ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை எடுத்துக் கொடுத்திருந்தோம். போன மாதம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அட்டை செல்லும் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் ராத்திரி, "பிளேட், ஸ்க்ரூ எல்லாம் திட்டத்தில் வராது, 22,000 கட்டுங்கள்" என்றார்கள். வட்டிக்கு வாங்கிக் கட்டினேன். பில் கேட்டால் ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு மருந்து, மாத்திரையும் கைக்காசுதான். "ஓசி வைத்தியத்துக்கு என்னடா கேள்வி கேட்பது?" என்கிறார் அண்ணன். பணம் திரும்பக் கிடைக்குமா ஐயா?

பதில்: கேட்டால் கிடைக்க வழி இருக்கிறது, தம்பி. முதலில் அண்ணனிடம் சொல்லுங்கள், இது ஓசி வைத்தியம் இல்லை. உங்கள் அம்மாவுக்குச் செய்த ஆபரேஷனுக்கு அரசு ஒரு தொகை நிர்ணயித்திருக்கிறது. அது திட்டத்திலிருந்து மருத்துவமனைக்குப் போகிறது. அதே ஆபரேஷனுக்கு உங்களிடமும் கை நீட்டினால், ஒரே வேலைக்கு இரண்டு கூலி.

அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கும் என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. படுக்கை, சாப்பாடு, டாக்டர் கட்டணம், ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, மருந்து, தேவைப்பட்டால் ஐ.சி.யூ. எல்லாம் அதில் அடக்கம். உடம்புக்குள் வைக்கிற பிளேட்டும் ஸ்க்ரூவும் அதில் அடக்கம். சேர்வதற்கு முந்தைய மூன்று நாள் செலவும், வீட்டுக்கு அனுப்பிய பிறகு 15 நாள் வரைக்குமான மருந்தும் பரிசோதனையும்கூட உண்டு. ஆகவே உங்களிடம் சொன்னது தவறு. அந்த 15 நாளுக்குள் வாங்கிய மாத்திரை பில்களையும் பத்திரமாக வையுங்கள்.

அடுத்து ஆதாரம். துண்டுச் சீட்டை எறிந்துவிடாதீர்கள். பணத்தை போன் மூலம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு, வட்டிக்கு வாங்கிய தேதி, உடன் இருந்தவர் யார் என்பதையெல்லாம் இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். அப்புறம் மருத்துவமனையில் அம்மாவின் கேஸ் ஷீட் நகல் முழுவதையும் எழுத்து மூலம் கேளுங்கள். நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ நடத்தை விதி. அதில் ஆபரேஷன் குறிப்புப் பக்கத்தைத் தேடுங்கள். பிளேட், ஸ்க்ரூ பெட்டிகளிலிருந்து உரித்த சின்னச் சின்ன ஸ்டிக்கர்களை அங்கே ஒட்டியிருப்பார்கள். கம்பெனி பெயர், அளவு, எண் எல்லாம் அதில் இருக்கும். என்ன வைத்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, எங்கே சொல்வது? திட்டத்தின் உதவி எண் 14555-ஐ அழையுங்கள், ஆந்திராவில் 104-ம் உண்டு. புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளாமல் போனை வைக்காதீர்கள். மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையில் குறைதீர்க்கும் குழு இருக்கிறது, அதற்கும் எழுதிக் கொடுங்கள். தெலுங்கில் எழுத வராது என்று தயங்க வேண்டாம், உங்கள் ஊர் அல்லது வார்டு அரசு அலுவலகமான சச்சிவாலயத்தில் ஒருவரை எழுதித் தரச் சொல்லலாம். பணம் வாங்கியது உறுதியானால் அதைத் திருப்பித் தரச் சொல்லவும், மருத்துவமனைக்கு அபராதம் போடவும் திட்டத்தில் இடம் இருக்கிறது.

அதிலும் நடக்கவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம். 1995-ல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டணம் வாங்கும் மருத்துவமனையின் சிகிச்சையும் ஒரு சேவைதான் என்றது. நோயாளிக்குப் பதில் காப்பீடு பணம் கட்டினாலும் அது சேவைதான் என்றும் சொன்னது. உங்கள் அம்மா நுகர்வோர் என்று வாதாட இந்தத் தீர்ப்பு போதும் என்பது என் கருத்து. மருத்துவமனை திருப்பதியில் இருந்தாலும், 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். உங்களுடையது போன்ற சின்னத் தொகைக்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பேசிப் பாருங்கள்.

நகரி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. என் பெரியம்மா ஐம்பது வருடம் பாவு ஓட்டி, நூல் முடிந்த கை. சேர்க்கும்போது ரேகை மெஷினில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தோம், ஒன்றும் பதியவில்லை. "ரேகை விழவில்லை, பணம் கட்டிச் சேருங்கள்" என்றார்கள். எங்களுக்குத் தெரியாததால் கட்டினோம், அது இன்னும் மனதை அறுக்கிறது. ரேகை தேய்ந்தவர்களுக்குக் கண், முகம், போனுக்கு வரும் ஓ.டி.பி. என்று வேறு வழிகள் உண்டு. மருத்துவமனையில் திட்ட நோயாளிகளுக்கு உதவ இருக்கும் ஊழியரான ஆரோக்ய மித்ராவிடம் அதைக் கேளுங்கள். அம்மாவின் ஆதாரில் இப்போது கையில் இருக்கும் போன் எண் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

கேள்வி: குப்பத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 76, அம்மாவுக்கு 71. ஆளுக்கு 5 லட்சமா? தனியார் பாலிசி இருக்கிறது, அதை விட வேண்டுமா? பெங்களூரிலும் சென்னையிலும் அட்டை செல்லுமா?

பதில்: இருவருக்கும் சேர்த்து வருடத்துக்கு 5 லட்சம். குடும்பம் ஏற்கெனவே ஆயுஷ்மான் திட்டத்தில் இருந்தால், 70 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும் தனியாக இன்னொரு 5 லட்சம். பாலிசியை விட வேண்டாம், இரண்டும் இருக்கலாம். மத்திய அரசு ஊழியர், முன்னாள் ராணுவத்தினர் திட்டங்களில் இருப்பவர்கள்தான் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய சர்க்கரை, இதய நோய்க்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. வெளி நோயாளியாகப் பார்ப்பது இதில் வராது. வெளி மாநிலத்திலும் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் செல்லும் என்பதுதான் விதி. ஆனால் வண்டி ஏற்றுவதற்கு முன் அந்த மருத்துவமனைக்கே போன் போட்டு, வய வந்தனா அட்டையை எடுக்கிறார்களா, அப்பாவுக்கு வேண்டிய பிரிவுக்கு எடுக்கிறார்களா என்று கேட்டு, பதில் சொன்னவர் பெயரையும் எழுதி வையுங்கள்.