கேப் டவுனில் ஒரு நாள் மிச்சம் இருக்கிறது. நவீன ஓவியமே பழக்கமில்லாத குடும்பம் ஸைட்ஸ் மோக்கா (Zeitz MOCAA) என்ற தற்கால ஆப்பிரிக்கக் கலை அருங்காட்சியகத்துக்குப் போகலாமா?

தாராளமாகப் போங்கள். டர்பனிலிருந்து வயதான அப்பா அம்மாவோடு வருகிறோம், யாருக்கும் ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது, டிக்கெட் காசு வீணாகுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கூட்டிக்கொண்டு போனது என் மாமியாரை. டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். வீட்டைவிட்டால் கோயில், கோயிலைவிட்டால் வீடு. என்னைவிட நிதானமாகப் பார்த்தது அவர்தான்.

அருங்காட்சியகம் இருக்கும் கட்டடம் முதலில் ஒரு தானியக் களஞ்சியம். 1920களில் துறைமுகத்தை ஒட்டிக் கட்டியது. உள்நாட்டிலிருந்து வந்த மக்காச்சோளத்தைத் தரம் பிரித்து, சேமித்து, கப்பலில் ஏற்றினார்கள். 57 மீட்டர் உயரம். ஒரு காலத்தில் சஹாராவுக்குத் தெற்கே இதைவிட உயர்ந்த கட்டடமே கிடையாதாம். 2001இல் வேலை நின்றது. உள்ளே அறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. 33 மீட்டர் உயரமுள்ள 42 கான்கிரீட் குழாய்கள், ஒன்றை ஒன்று ஒட்டி நின்றன. லண்டன் வடிவமைப்பாளர் தாமஸ் ஹெதர்விக் அவற்றை முழுவதும் இடிக்கவில்லை. குடைந்தார். ஒரே ஒரு மக்காச்சோள மணியின் வடிவத்தை எடுத்து, பல மாடி உயரத்துக்குப் பெரிதாக்கி, குழாய்களின் நடுவே அந்த அளவுக்கு வெற்றிடம் உண்டாக்கினார். 2017 செப்டம்பரில் திறந்தார்கள்.

நுழைந்ததும் நிற்பது அந்த மணிக்குள்தான். அண்ணாந்து பார்த்தால் குழாய்கள் நாலா பக்கமும் சாய்வாக அறுபட்டுத் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அத்தை சொன்னார்: “கரும்புக் கட்டைச் சரிச்சு வெட்டின மாதிரி இருக்கும்மா.” இதைவிடப் பொருத்தமான வருணனையை நான் எங்கும் படித்ததில்லை.

வெட்டு முனையை மட்டும் பக்கத்தில் போய்ப் பாருங்கள், அவசரப்படாமல். பழைய குழாயின் சுவர் 17 சென்டிமீட்டர் கனம்தான். அப்படியே அறுத்தால் நிற்காது. அதனால் உள்பக்கம் புதுக் கான்கிரீட் உறை வார்த்து, அது இறுகிய பிறகு அறுத்திருக்கிறார்கள். அறுத்த இடத்தைப் பளபளவென்று மெருகேற்றியிருக்கிறார்கள். அந்தச் சின்ன விளிம்புக்குள் நூறு வருஷத்துக்கு முந்தைய கான்கிரீட்டும் நம் காலத்துக் கான்கிரீட்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. விளிம்பைத் தாண்டிய சுவர் இன்னும் சொரசொரப்புதான்.

அத்தையின் அப்பா டர்பன் துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை சுமந்தவர். “இங்க வேலை செஞ்சவங்க பேரு எங்கயாவது இருக்கா?” என்று அத்தை கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டடத்தைப் பற்றி எழுதுகிற எல்லாரும் ஹெதர்விக் பெயரைச் சொல்கிறோம், தன் கலைச் சேகரிப்பை இரவலாகக் கொடுத்த ஜெர்மன் தொழிலதிபர் யோகன் ஸைட்ஸ் பெயரைச் சொல்கிறோம். அந்தத் தானியத் தூசியில் மூச்சுவிட்டு வேலை பார்த்தவர்களையும் நினைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் ஒன்று. கட்டடத்தை மட்டும் படம் பிடித்துவிட்டு கடைப்பக்கம் திரும்பிவிடாதீர்கள். நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். ஓவியம் மாட்டியிருக்கும் அறைகள் சாதாரண வெள்ளை அறைகள்தான். வளைந்த சுவரில் படம் மாட்ட முடியாதே. முதலில் சப்பென்று இருக்கும். உட்கார்ந்து பாருங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது. நாங்கள் போனபோது, அப்போதைய இயக்குநர் கோயோ குவோ முன்னின்று உருவாக்கிய பெரிய கண்காட்சி நடந்துகொண்டிருந்தது (2022 கடைசியில் தொடங்கியது). கறுப்பின ஓவியர்கள் நூறாண்டுகளாகத் தங்கள் மக்களை வரைந்த ஓவியங்கள். அடிபட்ட, அழுகிற மனிதர்களை எதிர்பார்த்துப் போனேன். ஓய்வு, கொண்டாட்டம், அன்றாடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். சோபாவில் சாய்ந்திருப்பவர்கள், சேர்ந்து சாப்பிடுபவர்கள், ஆடுபவர்கள். இதைப் புரிந்துகொள்ள எந்தப் படிப்பு வேண்டும்? அத்தை ஒவ்வொரு படத்தின் முன்பும் நின்று, இது யார் வீட்டு விசேஷம் என்று விசாரிக்கிற தோரணையில் பார்த்தார். கோயோ குவோ 2025 மே மாதம் காலமானார். அந்தச் செய்தியை நான் சொன்னபோது, அந்தப் படங்களை நினைவு வைத்திருந்து கேட்டதும் அத்தைதான்.

கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். இப்போது என்ன இருக்கிறது, எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்று அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பதினெட்டு வயதுக்குள் இருப்பவர்களுக்கு டிக்கெட் இல்லை. ஆப்பிரிக்கக் குடிமக்களுக்கு இலவச நேரமும் ஒதுக்குவார்கள், எனவே அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். லிஃப்டில் நேராக மொட்டைமாடிக்குப் போய், ஒவ்வொரு தளமாக இறங்குவதுதான் பெரியவர்களுக்கு நல்லது. மேலே குழாய்களின் வாயைக் கண்ணாடியால் மூடி, டோகோ நாட்டுக் கலைஞர் எல் லோகோ உருவாக்கிய எழுத்து வடிவங்களை அதில் பதித்திருக்கிறார்கள். அதன்மேல் நடக்கலாம், தலைசுற்றல் உள்ளவர்கள் ஓரமாக நின்றால் போதும். குழாய்க்குள் சுழன்று இறங்கும் படிக்கட்டு பிள்ளைகளுக்குப் பிடிக்கும், மூட்டுவலிக்காரர்களுக்கு வேண்டாம். அதற்கும் மேலே வெளிப்பக்கம் புடைத்துக்கொண்டிருக்கும் கண்ணாடி ஜன்னல்களெல்லாம் ஹோட்டல். அதைக் கீழே நின்று பார்த்தால் போதும்.

உங்களுக்கு ஒரு நாள் என்பதால், காலையில் மண்டேலா சிறையிருந்த ராபன் தீவுக்குப் படகு, மதியச் சாப்பாடு, அப்புறம் அருங்காட்சியகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படகுத்துறையிலிருந்து நடக்கிற தூரம்தான். காற்று பலமாக இருந்து படகை ரத்து செய்துவிட்டால், நேராக இங்கே வந்துவிடுங்கள்.