வாசகர் கேள்வி–பதில்: சரக்குக் கப்பலின் மேல்தளப் பணி

கேள்வி: என் தம்பி சரக்குக் கப்பலில் மாலுமியாகச் சேர்ந்து சில மாதங்களாகின்றன. தொலைபேசியில் பேசும்போதெல்லாம் துருவைத் தட்டினேன், பெயின்ட் அடித்தேன் என்றுதான் சொல்கிறான். இதற்கா அத்தனை பயிற்சியும் சான்றிதழும்?

பதில்: துரு தட்டுவதைச் சிறிய வேலையென்று எண்ணிவிடாதீர்கள். எஃகுக் கப்பல் ஆண்டுக்கணக்கில் உப்புநீரிலும் உப்புக்காற்றிலும் கிடக்கிறது. ஏணிப்படி, கைப்பிடிக் கம்பி, சரக்கறை மூடியின் விளிம்பு, காற்றுக்குழாயின் மூடி ஆகியவற்றுள் எது துருவேறி இற்றுப்போனாலும், ஒருநாள் அங்கே ஒருவர் விழுவார், அல்லது புயல் நேரத்தில் அதன் வழியே கடல்நீர் உள்ளே புகும். சுத்தியலால் தட்டி, கம்பி பிரஷால் தேய்த்து, அடிப்பூச்சும் மேற்பூச்சும் கொடுக்கிற பணியாளர் கப்பலின் உடலை அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறார். ஆகவே பற்றவைத்த இடத்தில் ஓடுகிற மெல்லிய விரிசலை முதலில் காண்பவரும் பெரும்பாலும் அவராகவே இருப்பார். கண்டதை அன்றே போசனிடம் சொல்லும் பழக்கத்தை உங்கள் தம்பி இப்போதே வளர்த்துக்கொள்வது நல்லது.

போசன்தான் தளப் பணியாளர்களுக்குத் தலைவர். முதன்மை அதிகாரியிடமிருந்து அன்றாட வேலையைப் பெற்று, ஏ.பி. (தேர்ந்த மாலுமி), ஓ.எஸ். (தொடக்கநிலை மாலுமி) எனப்படுபவர்களுக்குப் பிரித்துத் தருபவர் அவரே. துரு தட்டாத நேரத்தில் இவர்கள் சுக்கான் பிடிக்கிறார்கள், கடலைக் கண்காணித்து இரவுக் காவல் நிற்கிறார்கள், நங்கூரம் இறக்குகிறார்கள், கன்டெய்னர்களின் பிணைப்புக் கம்பிகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள், துறைமுக வழிகாட்டி ஏறிவரும் கயிற்றேணியைக் கட்டுகிறார்கள். அந்த ஏணியின் ஒரு முடிச்சு தவறானாலும் விழுபவர் வேறொரு மனிதர் என்பதால், அதைத் தனிக் கவனத்தோடு செய்ய வேண்டிய வேலையாகவே நான் கருதுகிறேன். ஓ.எஸ். நிலையிலிருந்து ஏ.பி. ஆக, எஸ்.டி.சி.டபிள்யூ. எனப்படும் பன்னாட்டுப் பயிற்சி உடன்படிக்கையின்படி, 18 வயது நிறைந்திருக்க வேண்டும். காவல் பணிக்குரிய தகுதியைப் பெற்றபின் மேல்தளப் பிரிவில் 18 மாதக் கடற்பணியோ, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியுடன் 12 மாதக் கடற்பணியோ முடித்திருக்க வேண்டும்.

கேள்வி: ரேடாரும் தானியங்கிச் சுக்கானும் வந்தபிறகும் இரவில் ஒரு மாலுமி ஏன் வெறும் கண்ணால் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்?

பதில்: ரேடார் எல்லாவற்றையும் காட்டுவதில்லை என்பதால்தான். சிறிய மரப்படகும், கண்ணாடியிழைப் படகும், நீரில் பாதி அமிழ்ந்து மிதக்கும் மரத்தடியும் ரேடார் அலையை வலுவாகத் திருப்பி அனுப்புவதில்லை. கடல் கொந்தளிக்கும்போதோ கனமழை பெய்யும்போதோ திரையில் நிறையும் புள்ளிகளுக்கிடையில் அவை அடையாளம் தெரியாமலே போய்விடலாம். கப்பல்கள் மோதிக்கொள்வதைத் தடுப்பதற்கான 1972ஆம் ஆண்டுப் பன்னாட்டு விதிகளில் ஐந்தாவது விதி, எல்லாக் கப்பல்களும் எல்லா நேரமும் பார்வையாலும் செவியாலும், கிடைக்கும் மற்ற எல்லா வழிகளாலும் முறையான கண்காணிப்பை மேற்கொள்ள வேண்டும் என்கிறது. பார்வையும் செவியும் அங்கே முதலில் சொல்லப்பட்டிருப்பது பொருத்தமானது என்பது என் எண்ணம். பெரிய கப்பல்களில், சுக்கான் பிடித்திருப்பவரைக் கடலைக் கண்காணிப்பவராகக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்ற விதியும் உண்டு. இரண்டு பணிகளும் ஒரு மனிதரின் முழுக் கவனத்தைத் தனித்தனியே கேட்பவை.

இதைப் படிக்கும் இளம் மாலுமிகளுக்கு ஒரு வார்த்தை. கண் இருட்டுக்கு நன்கு பழகுவதற்கு ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். காவலின் நடுவே கைபேசித் திரையை ஒருமுறை பார்த்தாலே அந்தப் பழக்கம் கலைந்துவிடும், தொலைவிலுள்ள மங்கலான விளக்கு கண்ணுக்குத் தப்பிவிடும்.

கேள்வி: என் மகன் கப்பல் வேலைக்குப் போகப்போகிறான். புயலை விட, கப்பலைக் கரையில் கட்டும் கயிறுதான் ஆபத்தானது என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

பதில்: உண்மைதான். புயல் வருவதை முன்கூட்டியே அறிந்து, தளத்துக்கு யாரையும் அனுப்பாமல் இருக்க முடியும். ஆனால் ஒவ்வொரு துறைமுகத்திலும் கயிறு கட்டியே ஆகவேண்டும். பல வேளைகளில் அது நள்ளிரவிலோ மழையிலோ நடக்கும், நீண்ட பயணத்தின் களைப்பும் கூடவே இருக்கும்.

நைலான் போன்ற இழைகளால் ஆன கயிறு, இழுவிசை ஏற ஏற நீண்டுகொண்டே போய், தனக்குள் பெரும் ஆற்றலைச் சேர்த்துவைக்கிறது. அறுந்த நொடியில் அந்த ஆற்றல் முழுவதும் கயிற்றின் முனையில் வெளிப்படுகிறது. அப்போது நகர்ந்து தப்பிக்க மனிதருக்கு அவகாசமே இருப்பதில்லை. கயிறு நேர்க்கோட்டில் மட்டும் பின்வாங்கும் என்ற எண்ணமும் தவறு. உருளைகளையும் தூண்களையும் சுற்றிச் செல்லும் கயிறு அறுந்தால், அது வீசும் பரப்பு மிக அகன்றதாகிவிடும். முன்பெல்லாம் தளத்தில் அபாயப் பகுதியைக் கோடு போட்டு வரைந்து வைப்பார்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பவர், தமக்கு எதுவும் நேராது என்று பொய்யாக நம்பிவிடக்கூடும் என்பதால், கயிறு இறுகியிருக்கும் நேரத்தில் கயிறு கட்டும் தளம் முழுவதையுமே அபாயப் பகுதியாகக் கொள்வதுதான் இன்றைய அறிவுரை.

நீட்சி குறைந்த புதிய வகைக் கயிறு அறுந்தால் திரும்பி வீசாது என்று பலர் நம்பியிருந்தார்கள். 2015இல் பிரிட்டனின் மில்ஃபோர்ட் ஹேவன் துறைமுகத்தில் 'சார்கா' என்ற எரிவாயுக் கப்பலில் அத்தகைய கயிறு அறுந்து பின்வீசியதில் ஓர் அதிகாரியின் தலையில் கடுமையான காயம் ஏற்பட்டது. கயிற்றின் உட்புறத் தேய்மானம் வெளியிலிருந்து எப்போதும் தெரிவதில்லை. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையில் 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், கட்டுக் கயிறுகளின் ஆய்வு, பராமரிப்பு, மாற்றுதல் ஆகியவற்றை முறைப்படுத்தியிருப்பதை இதனாலேயே வரவேற்கிறேன்.

உங்கள் மகனிடம் மூன்று விஷயங்களைச் சொல்லி அனுப்புங்கள். தளத்தில் கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் காலை வைக்கக்கூடாது. அடுத்த நொடியே வின்ச் எனப்படும் கயிறு இழுக்கும் இயந்திரம் இழுத்தால் அந்த வளையம் காலை இறுக்கிவிடும். இறுகிய கயிற்றுக்கு அருகே வேலையில்லாமல் நிற்கக்கூடாது. ஏதேனும் சரியில்லை என்று தோன்றினால், தான் எவ்வளவு இளையவனாக இருந்தாலும், 'நிறுத்துங்கள்' என்று உரக்கச் சொல்லத் தயங்கக்கூடாது. நல்ல போசன் அதற்காக அவனைக் கடிந்துகொள்ள மாட்டார்.

கேள்வி: பெண்கள் இந்த வேலைக்குப் போக முடியுமா?

பதில்: முடியும், பயிற்சியும் சான்றிதழும் இருபாலருக்கும் ஒன்றே. ஆயினும் 2021இல் வெளியான பன்னாட்டுக் கப்பல் தொழில் கணக்கெடுப்பு, சான்றிதழ் பெற்ற கடற்பணியாளர்களில் பெண்கள் ஏறத்தாழ 1.28 விழுக்காடுதான் என்று காட்டியது. இந்த நிலை மாறவேண்டும்.

கேள்வி: மூடிய அறைக்குள் இறங்கி மயங்கிய ஒருவரைத் தூக்கப்போனவரும் இறந்துபோனதாகச் செய்தியில் படித்தேன். இது எப்படி நேர்கிறது?

பதில்: நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன். நெடுநாள் மூடிக்கிடக்கும் நிலைப்பு நீர்த்தொட்டியிலும் (கப்பலை நிலையாக வைக்க நீர் நிரப்பும் தொட்டி) நங்கூரச் சங்கிலி அறையிலும், எஃகு துருப்பிடிப்பதே அந்த ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்கிறது. நிலக்கரி, மரம், இரும்புக் கழிவு போன்ற சரக்குகளும் அப்படியே செய்கின்றன. ஆக்சிஜன் குறைவதற்கு மணமில்லை, நிறமில்லை. மிகக் குறைந்த அளவுக்கு அது இறங்கிவிட்டால், மூச்சுத் திணறலைக்கூட உணராமல் மனிதர் சாய்ந்துவிடுவார். அதைப் பார்த்த நண்பர் பதறிப்போய் உள்ளே குதித்தால் அவருக்கும் அதே கதிதான்.

அந்த நேரத்தில் செய்யவேண்டியது, உள்ளே இறங்காமல் அபாய ஒலி எழுப்புவது, பிறகு சுவாசக் கருவி அணிந்த மீட்புக் குழுவுக்காகக் காத்திருப்பது. சாதாரண வடிகட்டி முகமூடி ஆக்சிஜன் தராது. 2015 முதல் இந்த மீட்புப் பயிற்சியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடத்துவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. 2016 ஜூலை முதல் காற்றைச் சோதிக்கும் கையடக்கக் கருவியைக் கப்பலில் வைத்திருப்பதும் கட்டாயம். அந்தப் பயிற்சியைப் புகைப்படம் எடுத்துக் கோப்பில் சேர்ப்பதற்கான சடங்காக நடத்தும் கப்பலில், அதன் விலையை மாலுமிகள்தான் உயிரால் கொடுக்க நேரும்.

கேள்வி: வேலை வாங்கித் தருவதாக முகவர் பணம் கேட்கிறார். கப்பலில் ஓய்வே கிடைக்காது என்றும் சொல்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, வேலை தேடித் தருவதற்காகக் கடற்பணியாளரிடம் கட்டணம் வாங்கக்கூடாது. கடவுச்சீட்டு, கடற்பணியாளர் ஆவணம், சட்டப்படியான மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவை மட்டும் அவர் ஏற்கவேண்டி வரலாம். பணம் கேட்கும் முகவரை விட்டு விலகிவிடுங்கள்.

ஓய்வைப் பொறுத்தவரை, குறைந்த அளவாக எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேரமும், எந்த ஏழு நாளிலும் 77 மணி நேரமும் தரப்படவேண்டும். நாளின் ஓய்வை இரண்டு பகுதிகளுக்கு மேல் பிரிக்கக்கூடாது. அவற்றுள் ஒன்றாவது ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கவேண்டும். எடுக்காத ஓய்வை எடுத்ததாக எழுதப்பட்ட ஏட்டில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். விபத்துக்குப் பின் விசாரணை நடக்கும்போது, அந்தக் கையெழுத்து உங்களுக்கு எதிராகவே நிற்கும். ஒப்பந்தத்தின் நகலையும், உண்மையில் வேலை செய்த நேரத்தை உங்கள் கையால் எழுதிய குறிப்பேட்டையும் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கப்பலுக்குள் முறையிட்டும் தீராத குறையை, கப்பல் நிற்கும் துறைமுக நாட்டின் ஆய்வாளரிடம் தெரிவிக்கும் உரிமையை அதே உடன்படிக்கை உங்களுக்குத் தருகிறது. அங்கே அந்தக் குறிப்பேடு உதவும்.