கட்டையைத் தேர்ந்தெடுத்தது யார்?

கேள்வி: என் அலுமினியப் படகை ஏற்றிவைக்கும் டிரெய்லரில் தாங்கு கட்டைகள் உளுத்துப்போயின. படகோடு சேர்த்தே டிரெய்லரை ஒரு பட்டறையில் விட்டு, கட்டைகளை மாற்றித் தரச் சொன்னேன். திரும்பி வந்தபோது படகின் பின்புறம் நசுங்கியிருந்தது. எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், கட்டைகள் படும் இடமெல்லாம் வெண்பொடியும் ஊசித் துளைகளும். வேலை முடிந்து பணம் கட்டியபோது தந்த ரசீதின் பின்பக்கம் 'சேதத்துக்கு உரிமையாளரே பொறுப்பு' என்று அச்சிட்டிருப்பதைப் பட்டறைக்காரர் காட்டுகிறார். படகை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவன் நான். இழப்பீடு கேட்க முடியுமா?

பதில்: கேட்கலாம். ஆனால் நீங்கள் ஒரே மூச்சில் சொன்ன இரண்டு சேதங்களையும் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வாதம் வேறு.

நசுங்கல் எளிது. படகு அவர்கள் பொறுப்பில் இருந்தது. ஒப்படைத்த பொருள் சேதமடைந்து திரும்பினால், உரிய கவனத்தோடுதான் வைத்திருந்தோம் என்று காட்ட வேண்டியவர் பட்டறைக்காரர். ஆங்கிலப் பொதுச் சட்டத்தை ஒட்டிய நாடுகளில் பொதுவாக இதுதான் நிலை. கட்டையைக் கழற்றும்போது படகின் எடையை எதன்மேல் நிறுத்தினார்கள் என்று கேளுங்கள்; பதில் தடுமாறும் என்றே நினைக்கிறேன். ஒரே ஆபத்து, 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று நீங்கள் கையெழுத்திட்டிருந்தால்.

ஊசித் துளைகள்தான் வழக்கின் உயிர். பூச்சியும் பூஞ்சையும் அண்டாமலிருக்க மரத்தில் ஏற்றும் மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கிறது. ஈரத்தில் செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் அரிக்கப்படுவது அலுமினியம். உப்பு நீர் என்றால் இன்னும் வேகமாக. கட்டையைப் போர்த்திய கார்ப்பெட் படகைக் காக்கும் என்று நம்புகிறோம், அதுவோ ஈரத்தைப் பஞ்சுபோல் பிடித்துவைத்துக்கொள்கிறது. வீட்டு வேலிக்கு அருமையான மரம், அலுமினியப் படகுக்கு எமன்.

அந்த மரத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? நீங்களே வாங்கிக் கொடுத்து 'இதைப் போடு' என்றிருந்தால் உங்கள் வாதம் பாதி செத்துவிடும். எச்சரித்திருக்க வேண்டும் என்ற மெலிந்த வாதமே மிஞ்சும். பட்டறைக்காரரே தேர்ந்தெடுத்திருந்தால், சொன்ன வேலைக்குப் பொருத்தமான பொருளைத்தான் போடுவார் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் எழுதாமலே இருப்பதாகச் சட்டம் கொள்ளும். அலுமினியப் படகு என்று தெரியாது என்றும் அவர் சொல்ல முடியாது. அதுதான் டிரெய்லர்மேல் உட்கார்ந்திருந்ததே!

ரசீது வாசகத்துக்குப் பயப்படாதீர்கள். 1949இல் இங்கிலாந்தில் ஒரு ஹோட்டல் வழக்கு. பொருள் திருடுபோனால் பொறுப்பில்லை என்ற அறிவிப்பு அறைச் சுவரில் இருந்தது. வரவேற்பு மேசையிலேயே ஒப்பந்தம் முடிந்துவிட்டது, பிறகு கண்ணில் பட்ட அறிவிப்பு விருந்தினரைக் கட்டாது என்றது நீதிமன்றம். உங்கள் ரசீதும் வேலை முடிந்த பிறகு வந்ததுதான். வேலையை ஒப்படைத்தபோதே அதே வாசகமுள்ள படிவத்தில் கையெழுத்திட்டிருந்தால் மட்டும் கதை மாறும், தேடிப் பாருங்கள்.

வாடகை வருமானத்தில் அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம். 1854இன் ஹாட்லி – பாக்ஸெண்டேல் என்ற இங்கிலாந்து வழக்கில், புதுத் தண்டு செய்ய மாதிரியாக அனுப்பிய ஆலையின் உடைந்த தண்டைச் சரக்கு நிறுவனம் தாமதமாகக் கொண்டுசேர்த்ததால் ஆலை கூடுதல் நாள் முடங்கியது. ஆனாலும் இழந்த லாபம் கிடைக்கவில்லை. அப்படி ஒரு இழப்பு வரும் என்று ஒப்பந்தத்தின்போது எதிர்த்தரப்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாடகைப் படகு என்று அவரிடம் முன்பே சொன்னதற்கு ஒரு குறுஞ்செய்தி இருந்தால்கூடப் போதும். பழைய படகுக்குப் புதுப் படகு கேட்காதீர்கள். பழுது செலவு அல்லது மதிப்புக் குறைவு, அவ்வளவுதான்.

இப்போது செய்ய வேண்டியது: அந்தக் கட்டைகளிலிருந்து படகை உடனே இறக்குங்கள். தெரிந்தபின்பும் அப்படியே விட்டுவைத்தால், அதன்பின் கூடிய அரிப்பு உங்கள் கணக்கில் எழுதப்படும். ஆனால் பழுது பார்க்காதீர்கள், கட்டைகளையும் எறிந்துவிடாதீர்கள். கட்டையின் தடமும் துளைகளும் ஒன்றாகத் தெரியும்படி படம் எடுத்துவிட்டு, இந்த நாளுக்குள் வந்து பார்வையிடுங்கள் என்று பட்டறைக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். வராவிட்டாலும் நல்லதே, சுதந்திரமான படகு ஆய்வாளரின் அறிக்கையோடும் மரத் துண்டின் பரிசோதனை முடிவோடும் பிறகு வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பலாம். படகுக்குக் காப்பீடு இருந்தால், பட்டறைக்கு எழுதும் முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் தாமதத்தையே காரணம் காட்டிக் கைகழுவிவிடுவார்கள்.