தலைமாட்டை உயர்த்தி வையுங்கள்: நரம்பு நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களின் கேள்விகள்

நரம்பியல் வார்டில் பல ஆண்டுகள் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வீடுகளுக்கே போய்ப் பராமரிப்பு சொல்லித் தருகிறேன். ஆஸ்பத்திரியில் பெல் அடித்தால் ஆள் வரும். தோட்டத்துச் சாளையில் நடுராத்திரி இருமல் வந்தால் பக்கத்தில் இருப்பது மருமகள் மட்டும்தான். இந்த முறை சாப்பாடு பற்றிய கேள்விகளே அதிகம். அதிலிருந்து தொடங்குகிறேன். மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை, அது உங்கள் டாக்டர் வேலை.

மாமனாருக்குப் பக்கவாதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. களி, சாதம் எல்லாம் இறங்குகிறது. தண்ணீர் குடித்தால் மட்டும் இருமுகிறார். வெறும் தண்ணீர்தானே, பயப்பட வேண்டுமா? (கோபிசெட்டிபாளையம்)

பயப்பட வேண்டியது அந்தத் தண்ணீருக்குத்தான். விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாசல் ஒரு நொடி மூடிக்கொள்ள வேண்டும். பக்கவாதத்தில் அந்த மூடல் தாமதமாகிறது. கெட்டியான கவளம் மெதுவாக நகர்வதால் தொண்டைக்கு நேரம் கிடைக்கிறது. தண்ணீர் காத்திருக்காது, நேராக நுரையீரலுக்குள் வழியும். பக்கவாதம் வந்து பிழைத்தவர்களைப் பிறகு சாய்ப்பதில் இப்படி வரும் நிமோனியாவுக்குப் பெரிய பங்கு உண்டு.

இருமல் வந்தால் உங்களுக்காவது தெரிகிறது. சிலருக்கு இருமலே வராது, சத்தமில்லாமல் உள்ளே போகும். அதனால் ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டதும் “ஆ” என்று சொல்லச் சொல்லுங்கள். குரல் களகளவென்று ஈரமாகக் கேட்டால் தொண்டையில் ஏதோ தங்கியிருக்கிறது. காரணம் தெரியாமல் அடிக்கடி காய்ச்சல் வருவது, வாதம் வந்த பக்கக் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கிக் கிடப்பது, ஒரு கிண்ணம் சாப்பிட முக்கால் மணி நேரம் ஆவது எல்லாம் அதே கதைதான். விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடம் ஒருமுறை காட்டுங்கள். எந்தப் பதத்தில் கொடுக்கலாம், தலையை எப்படி வைக்கலாம் என்பதை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அதுவரை செய்ய வேண்டியது: கயிற்றுக் கட்டிலில் வைத்து ஊட்டாதீர்கள். அது நடுவில் குழிந்து, ஆள் பாதி படுத்த மாதிரி ஆகிவிடும். நாற்காலியில் நிமிர்த்தி, பாதம் தரையில் படும்படி உட்கார வையுங்கள். நீங்களும் அவருக்கு எதிரே உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்து பார்ப்பார், மூச்சுக்குழாய் இன்னும் திறக்கும். சின்ன ஸ்பூனில் எடுத்து நல்ல பக்கத்து வாயில் வையுங்கள். தொண்டைக்குமிழ் ஏறி இறங்கிய பிறகே அடுத்த வாய். டிவியை அணைத்து வையுங்கள். முடிந்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும்.

அப்புறம் களி. மெத்தென்றுதானே இருக்கிறது என்று எல்லோரும் இதைத்தான் முதலில் கொடுக்கிறார்கள். களியை மெல்லாமல் குழம்பில் புரட்டி விழுங்குவதுதான் நம் வழக்கம். ஒட்டும் உருண்டையோடு ஓடும் குழம்பும் சேர்ந்து போவதைப் பலவீனமான தொண்டையால் சமாளிக்க முடியாது. ரசம் சோற்றிலும் அதே சிக்கல்: பருக்கை ஒரு வேகத்தில் போகும், ரசம் வேறு வேகத்தில் போகும். ஸ்பூனிலிருந்து சொட்டாமல் நிற்கும் ஒரே பதம்தான் வேண்டும். குழைய வேக வைத்த சாதத்தோடு கடைந்த பச்சைப்பயறு, கட்டியில்லாத ராகிக் கூழ், கெட்டித் தயிர், மசித்த வாழைப்பழம் போன்றவற்றைப் பயிற்சியாளர் சொல்லும் பதத்துக்குக் கொண்டுவரலாம். அரிசிம்பருப்புச் சோற்றையும் இன்னும் குழைத்து மசித்துவிட்டால் சரி. சந்தகை, நிலக்கடலை, பொரி எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

இருமுகிறார் என்று தண்ணீரையே நிறுத்திவிடும் வீடுகளும் உண்டு. அப்படிச் செய்தால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வரும். தண்ணீரைக் கெட்டியாக்கும் மாவு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது, அளவைப் பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வாயைத் தினமும் இரண்டு வேளை துலக்கிவிடுங்கள், பல்செட் இருந்தால் கழற்றிக் கழுவுங்கள். வாயில் இருக்கும் கிருமிதான் நுரையீரலுக்குப் போகிறது.

அப்பாருக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறது. ராத்திரி அவரே பிடுங்கிவிட்டார். நர்ஸ் போட்டதைப் பார்த்திருக்கிறேன், நானே திரும்பச் செருகலாமா? (காங்கேயம்)

வேண்டாங்க. வயிற்றுக்குப் போக வேண்டிய குழாய் நுரையீரலுக்குப் போனாலும் வெளியே இருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். குழாய் வெளியே வந்துவிட்டால் வாய் வழியாகவும் எதையும் ஊற்றாதீர்கள். வலிப்பு, சர்க்கரை, பார்க்கின்சன் (கை கால் நடுங்கி, உடம்பு இறுகும் நரம்பு நோய்) மருந்துகள் தவறப் போகிறது என்றால் மட்டும் விடியும்வரை காத்திருக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

குழாய் இருக்கும்போது, மூக்கு நுனியில் அது நிற்கும் இடத்தில் ஒரு அடையாளம் போட்டு ஒவ்வொரு முறையும் பாருங்கள். அடையாளம் நகர்ந்திருந்தால் ஊற்றக் கூடாது. ஊற்றும்போதும் அதற்குப் பிறகு குறைந்தது அரை மணி நேரமும் தலைமாடு 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். மாத்திரையைப் பொடித்துக் கரைப்பதற்கு முன் மருந்தாளரிடம் கேளுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும்.

தம்பி தென்னை மரத்திலிருந்து விழுந்து ஆறு மாதம் ஆகிறது. நெஞ்சுக்குக் கீழே உணர்வு இல்லை, மூத்திரக் குழாய் இருக்கிறது. சில நாள் திடீரென்று மண்டையைப் பிளக்கும் வலி வருகிறது, முகம் சிவந்து வியர்த்துக் கொட்டுகிறது. காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்கிறோம். (பொள்ளாச்சி)

இன்றைக்கு வந்த கேள்விகளில் எனக்குக் கவலை தந்தது இதுதான். படுக்க வைக்காதீர்கள். தண்டுவடம் நெஞ்சின் நடுப்பகுதி அளவிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு வரும் ரத்த அழுத்த அவசரம் இது. டாக்டர்கள் ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா என்பார்கள். பார்க்காமல் விட்டால் மூளையில் ரத்தக் கசிவு வரைக்கும் போகலாம்.

நடப்பது இதுதான். அடிபட்ட இடத்துக்குக் கீழே ஏதோ ஒரு தொந்தரவு, பெரும்பாலும் நிறைந்த மூத்திரப்பை. அவருக்கு அது தெரியாது, ஆனால் உடம்பின் நரம்புகளுக்குத் தெரியும். கீழே உள்ள ரத்தக் குழாய்கள் எல்லாம் சுருங்கி பிபி எகிறுகிறது. அதைத் தணிக்க மூளை அனுப்பும் கட்டளை அடிபட்ட இடத்தைத் தாண்டிப் போவதில்லை. அதனால்தான் மேலே முகம் சிவந்து வியர்க்கிறது, கீழே உடம்பு வெளிறிப் புல்லரித்துக் கிடக்கிறது.

உடனே நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைத் தொங்கப் போடுங்கள். அதிலேயே பிபி கொஞ்சம் இறங்கும். இடுப்பில் கட்டியது, பெல்ட், இறுக்கமான சாக்ஸ் எல்லாவற்றையும் தளர்த்துங்கள். பிறகு மூத்திரக் குழாயைத் தொடக்கம் முதல் கடைசி வரை கையால் தடவிப் பாருங்கள். தொடைக்கு அடியில் மடங்கியிருக்கலாம், பை நிரம்பியிருக்கலாம். மடிப்பை எடுத்து, பையைக் காலி செய்து, மூத்திரப்பைக்குக் கீழே தொங்க விடுங்கள். அப்படியும் சிறுநீர் வரவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது, மாற்ற வேண்டும். குழாயில் கோளாறு இல்லை என்றால் மலச்சிக்கல், புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம், அடியில் கிடக்கும் ஏதாவது பொருள் என்று தேட வேண்டும். சில நிமிடங்களில் தணியவில்லை என்றால் 108தான்.

ஒன்றைக் கவனியுங்கள். இவர்களுடைய சாதாரண மேல் அழுத்தமே 90 முதல் 110 வரைதான் இருக்கும். 140 காட்டினால் “லேசாகத்தான் ஏறியிருக்கிறது” என்று திருப்பி அனுப்பிவிடக் கூடும். தம்பி நன்றாக இருக்கும் நாளில் பிபி பார்த்து, அந்த எண்ணையும் இந்த நோயின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப் பையில் வையுங்கள்.

ஆத்தாளுக்கு முதுகுக்குக் கீழே சிவந்திருக்கிறது. ஏர் பெட் வாங்கிவிட்டோம். இனி திருப்பிப் போட வேண்டியதில்லைதானே? (பல்லடம்)

கடைக்காரர் அப்படிச் சொல்லியிருப்பார். ஏர் பெட் உதவி செய்யும், திருப்புவதற்கு மாற்று ஆகாது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. வெளுக்கவே இல்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. நம் நிறத்துக்குச் சிவப்பு பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். முழுக்க ஒருக்களிக்காமல், முதுகுக்கு ஒரு தலையணை கொடுத்து லேசாகச் சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலைத் தொங்கலில் விடுங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். ஸ்பிரிட், பவுடர், மஞ்சள், காற்றடைத்த வளையம் எதுவும் வேண்டாம். டாக்டர் தடுக்கவில்லை என்றால் தினம் முட்டை கொடுங்கள்; நாமக்கல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முட்டைக்கு என்ன பஞ்சம்?

பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் போகும் மகனுக்கு வலிப்பு உண்டு. ஆறு மாதமாக வரவில்லை. பொண்ணு பார்க்கிறோம், மாத்திரையை நிறுத்திவிடலாமா? (திருப்பூர்)

ஆறு மாதம் வராததற்குக் காரணமே மாத்திரைதான். திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடரும் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொதுவாக இரண்டு ஆண்டுகளாவது வலிப்பு வராமல் இருந்தால்தான் டாக்டர்கள் குறைப்பதைப் பற்றியே யோசிப்பார்கள், அதுவும் படிப்படியாக. தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பகல் ஷிஃப்ட் கேட்கச் சொல்லுங்கள். கட்டிங் மெஷின் வேலை வேண்டாம். கிணற்றில் தனியாக நீச்சலும் வேண்டாம்.

மறைத்துக் கல்யாணம் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், புது வீட்டில் ஒளித்து ஒளித்துச் சாப்பிடும் மாத்திரை கட்டாயம் ஒரு நாள் தவறும். வலிப்பு இருந்தால் திருமணம் செல்லாது என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். இந்து திருமணச் சட்டத்தில் இருந்த அந்த வாசகத்தை 1999லேயே எடுத்துவிட்டார்கள்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தோ இரும்போ கொடுக்காதீர்கள், வாய்க்குள் ஸ்பூன் வைக்காதீர்கள், கை கால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். தலைக்கு அடியில் துண்டை மடித்து வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். வெட்டு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ 108.

பார்க்கின்சன் இருக்கும் அப்புச்சி வாசப்படிக்கு வந்ததும் காலை ஒட்ட வைத்த மாதிரி நின்றுவிடுகிறார். இழுத்தால் விழுகிறார். (சத்தியமங்கலம்)

இழுக்காமல் நில்லுங்கள், அவரும் நிற்கட்டும். பிறகு “ஒண்ணு, ரெண்டு” என்று சத்தமாக எண்ணி, காலைத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். வாசப்படிக்கு முன்னால் தரையில் ஓரடிக்கு ஒன்றாகப் பளிச்சென்ற டேப் ஒட்டி, கோட்டைத் தாண்டச் சொன்னால் பலருக்குக் கால் தானாக எழும்பும். திரும்பும்போது இடத்திலேயே சுழலாமல் அகலமாக வளைந்து வரட்டும்.

பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் லெவோடோபா மாத்திரை கடிகாரத்தின்படி போக வேண்டும். விருந்து, நோம்பி, பஸ் பயணம் எதற்கும் தள்ளிப்போடக் கூடாது. பருப்பு, பால், கறியோடு சேர்ந்தால் பலருக்கு மருந்து சரியாக ஏறாது; சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுப்பது நல்லது. இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இடைவெளி வேண்டும். வாந்தி என்று மருந்துக் கடையில் கேட்டால் மெட்டோகுளோபிரமைடு கொடுத்துவிடுவார்கள். அது பார்க்கின்சனை மோசமாக்கும்.

வாதத்துக்குப் புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும் என்கிறார்களே? (நாமக்கல்)

ஆகாது. ரத்தக்கட்டியால் வந்த வாதம் என்றால், அதைக் கரைக்கும் ஊசியை வாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். முகம் கோணியது, கை தொங்கியது, பேச்சு குழறியது, இதில் ஒன்று தெரிந்தாலும் சிடி ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள்.

மாமியாரைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போய்விட்டது. கொழுந்தனார் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வந்து ஆப்பிள் வைத்துவிட்டு, “இளைச்சுட்டாங்களே” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். (தாராபுரம்)

ஆப்பிளை அவர்களையே வேக வைத்து மசித்து ஊட்டச் சொல்லுங்கள். ஒரு வேளை ஊட்டினால் இளைத்த காரணம் புரிந்துவிடும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு ராத்திரி திருப்பிப் போடும் முறை அவர்களுடையது என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

தூக்குவதை நிறுத்துங்கள், நகர்த்துங்கள். ஒரு பெட்ஷீட்டை நாலாக மடித்துத் தோளிலிருந்து தொடைவரை அடியில் விரித்து, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து நகர்த்தினால் இரண்டு பேருக்கு லேசான வேலை. குனியாமல் முட்டியை மடக்குங்கள். வாதம் வந்த கையைப் பிடித்தோ, அக்குளில் கை கொடுத்தோ தூக்கவே கூடாது. தோள்மூட்டு இறங்கி, பிறகு தொட்டாலே வலிக்கும். சட்டை போடும்போது வாதக் கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில்.

2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேரைப் பதியுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சன், நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு, நடமாட்ட ஊனம் எல்லாம் வருகின்றன. சான்றிதழும் அடையாள அட்டையும் இருந்தால் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதார், ரேஷன் கார்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, போட்டோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அலைகிற அந்த வேலையைக் கொழுந்தனாரிடமே கொடுங்கள்.