ஐந்தாவது முறை முயலாதீர்கள், முதலில் படங்களைக் காப்பாற்றுங்கள்

கேள்வி: என் மடிக்கணினி 2013-இல் வாங்கியது. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். சில மாதங்களாக மிகவும் மெதுவாக இயங்கியதால் சி டிரைவை ஃபார்மட் செய்து விண்டோஸ் 10-ஐ மீண்டும் நிறுவப் பார்த்தேன். நான்கு முறையும் பாதியில் நின்றுவிட்டது. ஒருமுறை 37 சதவீதத்தில், இன்னொருமுறை 64-இல். ஒவ்வொரு முறையும் 80070570 என்று முடியும் பிழை எண் வருகிறது. டி டிரைவில் மகளின் சிறுவயதுப் படங்கள் உள்ளன. வேறு பிரதி இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முயலலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: தயவுசெய்து வேண்டாம். இப்போதே கணினியை அணைத்து வையுங்கள். விண்டோஸை எப்போது வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம். அந்தப் படங்கள் போனால் திரும்பி வராது.

‘தேவையான கோப்பு சிதைந்திருக்கிறது அல்லது படிக்க முடியவில்லை’ என்பதே அந்த எண்ணின் பொருள். எங்கே சிதைந்தது என்பதை அது சொல்வதில்லை. நிறுவும்போது கோப்புகள் பென் டிரைவிலிருந்து எடுக்கப்பட்டு, ரேமில் விரிக்கப்பட்டு, ஹார்டு டிஸ்க்கில் எழுதப்படுகின்றன. இந்த மூன்றில் எது தவறினாலும் இதே எண் வரலாம். ஒவ்வொரு முறையும் ஒரே சதவீதத்தில் நின்றிருந்தால் பென் டிரைவில் உள்ள கோப்பைத்தான் முதலில் சந்தேகிப்பேன். உங்களுக்கு இடம் மாறி மாறி நிற்கிறது. போதாக்குறைக்கு மாதக்கணக்கில் மந்தம். ஹார்டு டிஸ்க் பழுதாகிவருகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் ஒவ்வொரு முயற்சியும் அதன் மிச்ச ஆயுளைத் தின்கிறது.

வேறொரு நல்ல கணினியில் லினக்ஸ் மின்ட்டை (விண்டோஸ் போன்ற இலவச இயங்குதளம்) தரவிறக்கி, எட்சர் என்ற இலவச மென்பொருளால் பென் டிரைவில் ஏற்றுங்கள். உங்கள் மடிக்கணினியை அதிலிருந்து தொடங்குங்கள். இதற்குக் கணினியை இயக்கியதும் அழுத்த வேண்டியது டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9 விசை. மின்ட் எதையும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே இயங்கும். திரையில் ‘இன்ஸ்டால்’ என்றொரு சின்னம் இருக்கும், அதைத் தொடாதீர்கள். கோப்பு மேலாளரில் டி டிரைவைத் திறந்து, வெளி டிஸ்க் ஒன்றுக்குப் படங்களை நகலெடுங்கள். மிக முக்கியமான கோப்புறை முதலில், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். ஏதாவது ஒன்றில் சிக்கி நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்று ஓசை வந்தால் அந்தக் கணமே அணைத்துவிட்டு, தரவு மீட்பவரிடம் கொண்டுபோங்கள். படங்கள் கைக்கு வரும்வரை விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்புக் கருவியான ‘செக் டிஸ்க்’கை யார் ஓட்டச் சொன்னாலும் ஓட்டாதீர்கள். பழுதான டிஸ்க்கில் அது நன்மையைவிடக் கேடே செய்யும்.

நகலெடுத்து முடித்த பிறகே நோயைத் தேட வேண்டும். மின்ட்டில் உள்ள ‘டிஸ்க்ஸ்’ செயலியில் ‘ஸ்மார்ட்’ அறிக்கையை (டிஸ்க் தன் உடல்நலம் பற்றித் தானே வைக்கும் குறிப்பு) திறந்து, 5, 197 ஆகிய எண்களுக்கு நேராக உள்ள மதிப்பைப் பாருங்கள். முதலாவது, கெட்டுப்போனதால் மாற்றிவைக்கப்பட்ட பகுதிகளின் கணக்கு. மற்றது, படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளின் கணக்கு. இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். 197-இல் எண் ஏறியிருந்தால் டிஸ்க்கை மாற்றிவிடுங்கள். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) உங்கள் கணினியில் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். அந்த மந்தமும் பெருமளவு தீரும்.

இரண்டும் பூஜ்யமா? அடுத்தது ரேம். மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஒரு சுற்று முழுவதும் ஓட விடுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் ரேமில் கோளாறுதான். அதுவும் சரியென்றால், வேறு பென் டிரைவில் விண்டோஸைப் புதிதாகத் தரவிறக்கி ஏற்றி, நீல நிறத் துளையில் அல்லாமல் கறுப்பு யுஎஸ்பி துளையில் செருகிப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவை, அதாவது வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை, மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சில்லுகளை முறைப்படி ஏற்பதில்லை என்பதால், 2013-ஆம் ஆண்டுக் கணினிக்கு அது வழியில்லை. வங்கிப் பணிகளுக்கும் இந்தக் கணினியைப் பயன்படுத்துவீர்கள் என்றால், புதிய எஸ்எஸ்டியில் மின்ட்டையே நிறுவிவிடுங்கள். 4 ஜிபி ரேமுக்கு அதன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஏற்றது.